அமாவாசைத் தட்டு

லிட்டில் இந்தியாவில் ஒரு சந்துக்குள் எனக்குக் கடை இருக்கிறது. பூக்கடை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். முன்னால் மாலையும் உதிரிப்பூவும் தொங்கினாலும் உள்ளே எள், தர்ப்பை, சாம்பிராணி, மண்கலயம், வாழையிலை என்று நல்லதுக்கும் கெட்டதுக்கும் வேண்டியது அத்தனையும் இருக்கும். கல்யாணத்துக்கு வாங்க வருகிறவர் சிரிப்பார், கருமாதிக்கு வருகிறவர் சிரிக்கமாட்டார். இரண்டு பேருக்கும் பொருந்துகிற மாதிரி ஒரு முகம் வைத்துக்கொள்ளத் தெரிந்தால்தான் இந்தத் தொழிலில் நிற்க முடியும். எனக்கு அந்த முகம் நன்றாகவே வரும்.

இந்த ஊரில் எதற்கும் செட் உண்டு. சாப்பாட்டுக்கடையில் செட், சலூனில் செட். நானும் ‘அமாவாசை செட்’ என்று ஒன்று போட்டேன். முன்னோருக்குக் கடற்கரையில் படைக்கிறவர்களுக்கு வேண்டிய எல்லாம் ஒரே கட்டாக இருக்கும். அதில் என் சொந்தக் கண்டுபிடிப்பும் ஒன்று உண்டு. வெறும் வாழையிலையில் சோற்றுருண்டையும் எள்ளும் பூவும் வைத்துத் தண்ணீரில் விட்டால், முதல் அலையிலேயே இலை மடங்கிக் கவிழ்ந்துவிடும். விட்டவர்களுக்கு மனசு கெட்டுப்போகும். ‘அப்பா ஏத்துக்கலையோ’ என்று கடைக்கு வந்து புலம்புவார்கள். அதனால் இலைக்கு அடியில் நுரை மாதிரி லேசான, வட்டமான வெள்ளை ஸ்டைரோஃபோம் தட்டு ஒன்றை வைத்து, சிவப்பு நைலான் கயிற்றால் கட்டிக் கொடுத்தேன். படகு மாதிரி மிதந்தது. தட்டின் அடியில் கடையின் பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கர். வியாபாரி புத்தி எங்கே போகும்?

கட்டைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவரிடமும் நானே சொல்வேன்: “தண்ணியில விட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துடுங்க.” நம் ஆட்களுக்கு இதை யாரும் சொல்லவே தேவையில்லை. கொடுத்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது தெரிந்ததுதான். ஆனால் கடைக்காரன் வாயால் கேட்டால் ஒரு திருப்தி. தலையாட்டிக்கொண்டு போவார்கள். அவர்கள் திரும்பிப் பார்க்காததால்தான் என் தட்டு இத்தனை காலம் நல்ல பெயரோடு இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

எங்கள் வீடு தீவின் வடக்கு ஓரத்தில், செம்பவாங்கில். அப்பா கப்பல் பழுது பார்க்கிற டாக்யார்டில் வேலை பார்த்த காலத்திலிருந்தே நாங்கள் அந்தப் பக்கம்தான். வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் கடற்கரை. எதிரே, கடலுக்கு அக்கரையில், அடுத்த நாட்டு ஜொகூர் தெரியும். கிழக்குக் கடற்கரை மாதிரி அகலமான மணல் கிடையாது, கொஞ்சம் மணல், அதைத் தாண்டிச் சேறு, ஒரு ஓரமாக அலையாத்தி மரங்கள். கூட்டம் குறைவு என்பதால் அமாவாசைக்கு அங்கே வந்து படைக்கிறவர்கள் சிலர் உண்டு. தூரத்திலிருந்துகூட வருவார்கள். ஆனால் நான் ஒருநாளும் அங்கே போய் அவர்கள் படைப்பதைப் பார்த்ததில்லை. விற்பதோடு என் வேலை முடிந்தது.

என் மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு, நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கரையைச் சுத்தம் செய்யத் தொடங்கினாள். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் வழக்கத்தைவிட மேலே ஏறி மரத்து வேர்வரை வந்துவிட்டுப் போகும். போகும்போது குப்பையை வரிசையாக வைத்துவிட்டுப் போகும். அதனால் அடுத்து வருகிற ஞாயிற்றுக்கிழமையில் கூடுவார்கள். வெறுமனே பொறுக்கிக் கொட்டுவதில்லை. எது எது கிடைத்தது என்று வகை பிரித்து எழுதிக்கொள்வார்கள். ‘கடல் மட்டம் ஏறிக்கிட்டிருக்குப்பா, இந்தக் கரைய எப்படிக் காப்பாத்துறதுன்னு முடிவு பண்றப்ப, இங்க என்ன நடக்குதுன்னு யாருக்காவது தெரிஞ்சிருக்கணும்ல’ என்பாள். எனக்கு அவளைப் பற்றிப் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வற்புறுத்தி என்னையும் அழைத்துப் போனாள். கையுறை மாட்டிவிட்டாள், தொப்பி கொடுத்தாள். நான் பெரிய மனுஷன் மாதிரி நாலு பாட்டிலைப் பொறுக்கிவிட்டு நின்றிருந்தேன். அவளோடு படித்த சீனப் பையன் ஒருவன் வேரிடுக்கிலிருந்து எதையோ எடுத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தான். “அங்கிள், இது சாமி சாமானா? நாங்க தொடலாமா?” என்று ஆங்கிலத்தில் பணிவாகக் கேட்டான். என் தட்டு. இலை அழுகிப் போயிருந்தது, பூ கறுத்துப் போயிருந்தது, சிவப்பு நைலான் கயிறு மட்டும் நேற்றுக் கட்டியது போல் பளபளத்தது. ஸ்டைரோஃபோமுக்கு ஒன்றும் ஆகவில்லை.

“கொடு, நான் பாத்துக்கிறேன்” என்று வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே அடியில் இருந்த ஸ்டிக்கரைக் கட்டைவிரலால் மறைத்தேன். நான் அதை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து அந்தப் பையன் பக்தி என்று நினைத்திருக்க வேண்டும். தலையைத் தாழ்த்தி ஒதுங்கி நின்றான். மகள் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடம்பு கூசியது. அந்த வெயிலிலும் காது சூடாவது தனியாகத் தெரிந்தது.

அன்று இன்னும் சில தட்டுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் முந்திக்கொண்டு நானே எடுத்தேன். மற்றவர்கள் எழுதிக்கொள்வதற்கு முன் என் பைக்குள் போட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? ஸ்டைரோஃபோமை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தியது ஸ்டிக்கரை. திருடன் திருந்தவில்லை, கைரேகையைத் துடைக்கக் கற்றுக்கொண்டான். அவ்வளவுதான்.

தட்டை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள், பக்கத்துக் கடைக்காரன் அதே தட்டைச் செய்து விற்பான் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் வேறு. அந்தக் கூட்டத்தில் சீனர், மலாய்க்காரர், வெள்ளைக்காரர்கூட ஒருவர் இருந்தார். அவர்கள் முன்னால் ‘இது இந்தியக்காரங்க போடுறது’ என்று என் மகள் சொல்ல வேண்டியிருக்கும். அவள் குரல் தாழ்ந்து போவதை நான் கற்பனை செய்து பார்த்தேன். அதைவிட, ‘இது எங்கப்பா விக்கிறது’ என்று அவள் சொல்ல வேண்டியிருந்தால்? அந்தக் கற்பனையை நான் முடிக்கவே இல்லை.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். அமாவாசையன்று விடிகாலையில் கடையை மனைவி திறந்துகொள்வாள். நான் ஒரு கறுப்புக் குப்பைப்பையை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு நடந்துவிடுவேன். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். ஒவ்வொருவராக வருவார்கள், படைப்பார்கள், தண்ணீரில் இறங்கித் தட்டை விடுவார்கள், திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். அவர்கள் மறைந்ததும் நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவேன். தட்டு அதிக தூரம் போயிருக்காது. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என்னை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கும். எடுத்துப் பைக்குள் போட்டு, முடிச்சுப் போட்டு, மெயின் ரோட்டுக்குப் போய் டாக்ஸி பிடித்துக் கடைக்குக் கொண்டுபோய்விடுவேன். எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே போட்டால் மகள் கண்ணில் பட்டுவிடும் என்று பயம். கடைக்குப் பின்னால் இருக்கிற பச்சைக் குப்பைத் தொட்டியில், வாடிப்போன பூவோடு பூவாகப் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு கல்லாவில் உட்காருவேன். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. “உங்கப்பாவுக்கு வயசாக ஆக பக்தி வந்துடுச்சு” என்று மனைவி மகளிடம் சொன்னாளாம்.

மகளின் கூட்டத்தில் மாறுதல் தெரிந்தது. “அப்பா, யூ நோ, பிரேயர் ஐட்டம்ஸ் இப்ப ஆல்மோஸ்ட் வர்றதே இல்ல. நம்ம ஆளுங்க மாறிட்டாங்க” என்றாள் ஒருநாள் சாப்பிடும்போது. அவள் முகத்தில் அத்தனை மகிழ்ச்சி. “நல்லதும்மா” என்று சொல்லிவிட்டு ரசம் ஊற்றிக்கொண்டேன்.

அமாவாசைதோறும் வருகிறவர்களில் ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் ஓட்டுகிறவர். என்னைவிட வயதில் சின்னவர், நாற்பதைத் தாண்டியிருப்பார். சுவா சூ காங்கில் வீடு. மனைவி நோயில் போய்விட்டாள். பிள்ளைகள் கிடையாது. முந்தின நாள் என் கடைக்கு வந்து செட் வாங்குவார். மறுநாள் மத்தியான ஷிஃப்ட் கேட்டு வாங்கிக்கொண்டு, விடிகாலையில் ரயில் பிடித்து பஸ் ஏறி செம்பவாங்குக்கு வருவார். மனைவிக்கு மாதாமாதம் அமாவாசையில் படைப்பது சாஸ்திரமா என்று என்னிடம் கேட்காதீர்கள். அவருக்கு அப்படித்தான் தோன்றியது, செய்தார். சோற்றுருண்டைக்குப் பக்கத்தில் ஒரு ஒண்டே ஒண்டே வைப்பார். அந்த அம்மாளுக்குப் பிடித்த பலகாரமாம், பச்சை உருண்டையில் தேங்காய்ப்பூ தூவி, கடித்தால் உள்ளே வெல்லப்பாகு வழியும். நாலு வளையல், ஒரு ரவிக்கைத் துண்டு, குங்குமம்.

“ஏன் தம்பி இவ்வளவு தூரம் வர்றீங்க? உங்களுக்குக் கிட்டத்துல வேற இடம் இல்லையா?” என்று ஒருமுறை கடையில் வைத்துக் கேட்டேன். அவர் சொன்னார்.

“முதல்ல வேற பீச்சுலதாண்ணே செஞ்சேன். விட்டுட்டுத் திரும்புறதுக்குள்ள அலை தூக்கி வந்து என் கால்லயே போட்டுடுச்சு. அன்னைக்கு டியூட்டிக்குப் போக முடியலண்ணே. அவளுக்கு என் மேல கோவம்னு நினைச்சேன். ஆஸ்பத்திரியில கடைசி நாளு நான் பக்கத்துல இல்ல, டியூட்டியில இருந்தேன். இங்க அப்படி இல்லண்ணே. ஒருதடவை குடைய வச்சிட்டுப் போயிட்டேன். கொஞ்ச நேரம் கழிச்சு வந்து பாத்தா கரை சுத்தமா இருக்கு. ஒரு பூகூட இல்ல. இங்க கடல் உடனே வாங்கிக்குது.”

நான் அவருடைய கட்டுக்குக் கயிறு சுற்றிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அவர் குடையை எடுக்க வந்த அன்று நான் பையோடு மெயின் ரோட்டில் டாக்ஸிக்கு நின்றுகொண்டிருந்திருக்க வேண்டும். “ஆமா தம்பி, அது நல்ல இடம்” என்றேன். அந்த வார்த்தையைச் சொன்ன வாயைக் கழுவ எந்தத் தண்ணீரும் கிடையாது. அதற்கு அடுத்த மாதமும் நான் போய் எடுத்தேன். முன்பு என் மானத்துக்காக எடுத்தேன், இப்போது அவர் மனசுக்காக எடுக்கிறேன் என்று காரணத்தை மாற்றிக்கொண்டேன். பை அதே பைதான்.

பிறகு அந்தக் கரையை உயர்த்தப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. அமாவாசை ஏற்றத்தில் கடல் நடைபாதைக்கே வந்துகொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மழையும் சேர்ந்துகொண்டால் பெஞ்சின் கால் தண்ணீரில் நிற்கும். கரையை எப்படிக் கட்டலாம் என்று அந்தப் பகுதி மக்களிடம் கேட்பதற்கு ஒரு கூட்டம் வைத்தார்கள். சமூக மன்றத்தில் பெரிய பெரிய படங்களை நிறுத்தி வைத்திருந்தார்கள். சாப்பிடக் கறிபப், குடிக்கத் தேநீர். மகளின் குழுவையும் பேச அழைத்திருந்தார்கள். நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

திட்டம் நல்ல திட்டம். அதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. சிமெண்டுச் சுவர் எழுப்பாமல் சரிவாகக் கல் அடுக்கி, அதற்கு முன்னால் அலையாத்தி மரங்களை இன்னும் நட்டு, சேற்றை அப்படியே விடுவது. அலையின் வேகத்தை மரமே தாங்கிக்கொள்ளும், சேற்றில் இருக்கிற குதிரைலாட நண்டும் பிழைக்கும் என்று அதிகாரி விளக்கினார். தூண்டில் போடுகிறவர்களுக்கு ஒரு மேடை உண்டு. மற்றபடி அந்த நீளம் முழுவதும் தண்ணீருக்கு இறங்க வழி கிடையாது. யாரும் இறங்காவிட்டால் மரம் சீக்கிரம் பிடிக்கும் என்பது மகளின் குழு கொடுத்த யோசனை. இவ்வளவு காலம் அவர்கள் எழுதி வைத்ததை வைத்துச் சொன்ன யோசனை.

கேள்வி நேரத்தில் நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். பஸ் ஓட்டுகிற தம்பி. சீருடையிலேயே வந்திருந்தார். எனக்கு அவர் வருவார் என்று தெரியாது. “தண்ணிக்கு இறங்க நாலு படி வேணும்” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எதற்கு என்று அதிகாரி கேட்டார். சொன்னார். மனைவிக்குப் படைக்க என்று. அதிகாரி மரியாதையாகவே மகளின் பக்கம் திரும்பினார்: அந்தக் கரையில் பிரார்த்தனைகள் நடப்பதற்கு அடையாளம் ஏதாவது இருக்கிறதா?

மகள் மைக்கை வாங்கினாள். பெரியவர்களிடம் பேசும்போது அவளுக்குத் தமிழ்தான் வரும். முதலில் அந்தத் தம்பியிடம் தமிழில் பேசிவிட்டு, பிறகு சபைக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். “அங்கிள், சாரி, தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க அங்க ரெகுலரா பாக்குறோம். சாமி சாமான் எதுவும் இப்ப இல்ல. ஒருவேளை எப்பவாவது ஒருத்தர் ரெண்டு பேர் வரலாம். அதுக்காகப் படி கட்டினா மரம் போயிடும் அங்கிள்.”

“நான் மாசாமாசம் வர்றேன்மா. இன்னும் நாலஞ்சு குடும்பம் வருது.” அவர் திரும்பி ஹாலில் கண்ணை ஓட்டினார். என்னைக் கண்டுபிடித்துவிட்டார். அவர் முகம் தெளிந்தது. “இந்த அண்ணன் கடையிலதான் சாமான் வாங்குறேன். இவரையும் அங்க பாத்திருக்கேன். பெஞ்சுல உக்காந்து சாமி கும்பிட்டுக்கிட்டிருப்பாரு. அண்ணே, சொல்லுங்கண்ணே.”

எல்லாத் தலைகளும் திரும்பின. நான் எழுந்தேன். 

“வர்றாங்க. ஒவ்வொரு அமாவாசைக்கும் வர்றாங்க. நான் பாத்திருக்கேன்” என்றேன்.

மகள் புருவத்தைச் சுருக்கினாள். கோபமில்லை, உண்மையாகவே அவளுக்குப் புரியவில்லை. “அப்போ அந்தத் தட்டெல்லாம் எங்கப்பா போகுது?”

 அந்தத் தம்பிதான் எனக்காகப் பதில் சொன்னார். “கடல் வாங்கிக்குதும்மா. அந்த இடத்துல அப்படியே வாங்கிக்கும். அதுக்காகத்தான் நான் சுவா சூ காங்கிலேருந்து வர்றேன்.”

அதை ஆங்கிலத்தில் சபைக்குச் சொல்ல வேண்டியவள் மகள். அவள் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஸ்டைரோஃபோம் மூழ்காது என்று பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவள் அவள். அப்பாவுக்கு வந்த திடீர் பக்தி, அமாவாசை விடிகாலை, நனைந்த வேட்டி எல்லாம் அவள் கண்ணுக்குள் ஒன்று சேருவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். “இந்த அங்கிள் சொல்றத நாங்க திரும்பவும் செக் பண்ணணும்” என்று மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மைக்கைக் கீழே வைத்தாள். நான் உட்கார்ந்தேன். அந்தத் தம்பி என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். எங்கள் பிளாக்கின் கீழே வந்ததும் அவள் நின்றுவிட்டாள்.

“எப்பலேருந்துப்பா?”

“நீ முதல்முதல்ல என்னைக் கூட்டிட்டுப் போனேல்ல, அதுலேருந்து.”

“ஏன்?”

“உன் ஃபிரெண்ட்ஸ் முன்னால உனக்கு அசிங்கமா இருக்கும்னு...”

“எனக்கா?” அவள் குரல் உடைந்தது. “நான் தாங்க மாட்டேன்னு நீங்களே டிசைட் பண்ணிட்டீங்களா? அந்தப் பையன் அன்னைக்குத் தொடலாமான்னுதானே கேட்டான்? அவன் ஒண்ணும் சிரிக்கலையே. இன்னைக்கு நான் ஒரு ஹால் முன்னாடி நின்னு அந்த அங்கிள பொய் சொல்றார்ங்கற மாதிரி பேசிட்டேன்பா. எனக்கு இதுதான் அசிங்கம்.”

அவள் அழுதாள். நான் அவள் தோளைத் தொடப் போனேன், கையை எடுத்துக்கொண்டேன். எனக்கு அந்த உரிமை அன்று இல்லை என்று தோன்றியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “எங்க ரெக்கார்ட்ஸ் தப்புன்னு நாளைக்கே அவங்களுக்குச் சொல்லிடுறேன். ஃபிரெண்ட்ஸ்கிட்டயும் நானே சொல்லிக்கிறேன். ஆனா அந்த அங்கிள்கிட்ட நான் சொல்ல மாட்டேன். அது உங்களோடது.”

சொன்னபடி செய்தாள். கரையை மறுபடியும் பார்க்கிறோம், படியைப் பற்றி அதற்குப் பிறகு முடிவு செய்கிறோம் என்று பதில் வந்ததாம். நண்பர்கள் அவளை என்ன சொன்னார்கள் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் கடையில் இருந்த ஸ்டைரோஃபோம் தட்டுகளை எல்லாம் திருப்பி அனுப்பினேன். பாக்குமட்டைத் தட்டும் பருத்தி நூலும் வாங்கிப் போட்டேன். இதைச் செய்வதற்கு அரைநாள்கூட ஆகவில்லை. இதைத்தான் முடியாது முடியாது என்று இவ்வளவு காலம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அமாவாசைக்கு முந்தின நாள் அந்தத் தம்பி கடைக்கு வந்தார். புதுத் தட்டைத் தட்டிப் பார்த்து, “நல்லாருக்குண்ணே” என்றார். “நீங்க எந்திரிச்சு சொன்னதாலதாண்ணே திரும்பப் பாக்குறோம்னாங்க. இல்லன்னா என் பேச்சை யாரு கேக்கப் போறா?” சொல்லிவிட்டு ஒரு சின்னப் பொட்டலத்தை நீட்டினார். எனக்கென்று தனியாக வாங்கிய ஒண்டே ஒண்டே. “நாளைக்கு நீங்களும் என்கூட வாங்கண்ணே. பெஞ்சுலயே உக்காந்துடாம தண்ணிவரைக்கும் வாங்க.”

போனேன். இந்த முறை சட்டைக்குள் பை இல்லை. தண்ணீர் மேலேறி நின்றிருந்தது, நடைபாதைக்கு ஒரு சாண்தான் குறை. அவர் மணலில் தட்டை வைத்து, சூடம் ஏற்றி, நிதானமாக ஒவ்வொன்றையும் எடுத்து வைத்தார். வளையலை வைக்கும்போது மட்டும் உதடு அசைந்தது. முழங்கால் ஆழத்தில் இறங்கித் தட்டை விட்டுவிட்டு, கரையேறி என் பக்கத்தில் வந்து, “வாங்கண்ணே, போலாம். திரும்பாதீங்க” என்றார்.

பெஞ்சுவரை நடந்தோம். பின்னால் அலை வருவதும் போவதும் கேட்டது. இப்படியே நடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடலாம். இன்னும் கொஞ்ச நேரத்தில் நான் மட்டும் திரும்பி வந்து எடுத்துவிடலாம். அந்த எண்ணம் அப்போதும் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

“தம்பி, நில்லுங்க” என்றேன். “திரும்பிப் பாருங்க.”

“பாக்கக் கூடாதுண்ணே. நீங்கதானே சொல்வீங்க?”

“நான்தான் சொல்றேன். பாருங்க.”

அவர் தயங்கித் தயங்கித் திரும்பினார். தட்டு கரைக்கு வந்துவிட்டிருந்தது. மணலில் சாய்ந்து கிடந்தது. ரவிக்கைத் துண்டு அலையில் விரிந்து சுருண்டுகொண்டிருந்தது. அந்தப் பச்சை உருண்டை தனியாக உருண்டு வந்து ஈர மணலில் நின்றது.  அவர் மெதுவாக, எனக்குக் கேட்குமா கேட்காதா என்கிற குரலில் சொன்னார்:

“இன்னைக்கு ஏன் வாங்கிக்கல? நான் என்ன தப்புப் பண்ணேன்?”

“நீங்க எந்தத் தப்பும் பண்ணல தம்பி. கடல் ஒருநாளும் வாங்கிக்கல. ஒவ்வொரு மாசமும் இப்படித்தான் திரும்பி வந்துச்சு. நீங்க போனப்புறம் நான்தான் எடுத்துட்டுப் போவேன்.” ஏன் என்று அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். மகளிடம் சொன்ன காரணம், மானம், வெட்கம், வியாபாரம் எல்லாவற்றையும் சொல்லத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. நடந்து போய்த் தண்ணீர் ஓரமாகக் குந்தினார். துண்டைப் பிழிந்தார். வளையல்களைப் பொறுக்கினார். ஒன்று கிடைக்கவில்லை, மணலைத் தடவித் தடவித் தேடினார். நானும் குந்தித் தேடினேன். என் கைக்கு அது கிடைத்தது. நீட்டினேன். வாங்கிக்கொண்டு, முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“எங்கண்ணே போட்டீங்க?”

நான் கையில் ஒட்டிய ஈர மணலைத் தட்டினேன்.

“இத்தனை மாசமும் நான் அவளுக்குக் கொடுத்தத எல்லாம், எங்க போட்டீங்க?”

“கடைக்குப் பின்னால ஒரு பச்சைத் தொட்டி இருக்கு” என்றேன்.